பாண்டியில் ஒரு மாலையும் இரவும்: கடலூரிலிருந்து போய்த் திரும்புகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கடலூர்க்காரர்களுக்குப் பாண்டி பக்கத்து ஊர். 22 கிலோமீட்டர் சொச்சம். பக்கத்தில் இருப்பதாலேயே யாரும் யோசித்துக் கிளம்புவதில்லை. எட்டு மணிக்கு வீட்டில் சாப்பிட்டுவிட்டு, "சும்மா ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்" என்று புறப்பட்டு, ஒன்பதேகாலுக்கு ஒயிட் டவுன் என்கிற கடலோரப் பழைய பிரெஞ்சுப் பகுதியின் தெருக்களில் காரை நிறுத்த இடம் தேடி அலைந்து, கடைசியில் ஆளுக்கொரு ஐஸ்கிரீமோடு திரும்பும் குடும்பங்களை எந்தச் சனிக்கிழமையும் பார்க்கலாம்.

பாண்டியின் இரவு சாயங்காலம் ஐந்து மணிக்கே ஆரம்பித்துவிடுகிறது. பத்துக்கு மங்கத் தொடங்கி, பதினொன்றுக்கு மேல் பெரும்பாலும் ஷட்டர்தான். விடிய விடிய ஊர் ஆடும் என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஆகவே முடிவிலிருந்து பின்னோக்கித் திட்டம் போட வேண்டும்: எப்போது திரும்புவது, அதற்குள் எங்கே சாப்பிடுவது, அதற்கு முன் எங்கே நடப்பது. கீழே உள்ள வரிசை அப்படித்தான் அமைந்திருக்கிறது.

1. திரும்பும் வழியை முதலில் முடிவு செய்யுங்கள்

பேருந்தா, சொந்த வண்டியா, வாடகைக் காரா, இல்லை அங்கேயே தங்குவதா? இதைத் தீர்மானிக்காமல் கிளம்பினால், இரவு பத்தரைக்குச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு இதைப் பற்றிச் சண்டை போட வேண்டியிருக்கும்.

பேருந்து என்றால்: பகலில் கடலூருக்கு ஒன்று போனால் ஒன்று வந்துகொண்டே இருக்கும். இரவு பத்து மணிக்கு மேல் இடைவெளி விழ ஆரம்பிக்கும். அதற்கப்புறம் சென்னையிலிருந்து சிதம்பரம், காரைக்கால், நாகப்பட்டினம் போகும் வண்டிகளைத்தான் நம்ப வேண்டும். அவை கடலூர் வழியாகத்தான் போகும், ஏறலாம். ஆனால் ஞாயிறு இரவில் நிற்கக்கூட இடம் இருக்காது, கடலூரில் இறங்குகிறவர்களைக் கடைசியாகத்தான் ஏற்றுவார்கள். பெரியவர்களோ கைக்குழந்தையோ கூட வந்தால், பத்து மணிக்குப் பேருந்து நிலையத்தில் இருப்பதுபோல் கணக்குப் போடுங்கள்.

சொந்த வண்டி என்றால், ஓட்டப்போவது யார் என்பது வீட்டு வாசலிலேயே முடிவாக வேண்டும். அவர் அன்றைக்கு ஒரு சொட்டும் தொடக்கூடாது. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே குற்றம். முதல் தடவையே ஆறு மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "ஒரு பீர்தானே" என்பதெல்லாம் ஊதும் கருவிக்குத் தெரியாது.

தங்குவது என்றால் ஒரு விஷயத்தை விசாரித்துவிட்டு அறை எடுங்கள். அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த விடுதிகள் சுத்தமானவை, கடலுக்குப் பக்கம், வாடகையும் நியாயம். ஆனால் அங்கே மது, புகை கூடாது. இரவு பத்தரை வாக்கில் கதவைச் சாத்திவிடுவார்கள். நண்பர்களோடு இரவு சுற்ற வந்தவர்கள் கடல் தெரிகிறது என்பதற்காக அங்கே அறை போட்டுவிட்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுவது அடிக்கடி நடக்கிறது. அவர்களுடைய விதி அது. உங்களுக்குச் சரிப்படாது என்றால் வேறு இடம் பாருங்கள்.

2. நாளைத் தேர்ந்தெடுங்கள்

வெள்ளி இரவு முதல் ஞாயிறு மாலை வரை ஊர் சென்னைக்கும் பெங்களூருக்கும் சொந்தம். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஒரு மணி நேரத்தில் போய்விடுகிற ஊர்தானே. செவ்வாய், புதன், வியாழன் பாருங்கள். கடற்கரையில் மூச்சு விட முடியும், உணவகத்தில் நினைத்த மேசை கிடைக்கும். ஒரே ஒரு இடைஞ்சல்: சில கஃபேக்களுக்கு வார நடுவில்தான் விடுமுறை. போக நினைத்த இடத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தனிக் காரணம் உண்டு, காந்தி வீதியின் சண்டே மார்க்கெட். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

டிசம்பர் 31 வேறு கதை. ஒயிட் டவுனுக்குள் வெளியூர் வண்டிகளை விடமாட்டார்கள், ஊரின் வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும், கடற்கரைச் சாலையில் தோளோடு தோள் உரசும் கூட்டம். சின்னப் பிள்ளைகளோடு அன்று போகவே வேண்டாம் என்பது என் கருத்து. ஆகஸ்ட் 15, புதுச்சேரி விடுதலை நாளான நவம்பர் 1 இரண்டுக்கும் கொடியேற்றம் கடற்கரைச் சாலையில்தான் நடக்கும். அதற்கு முந்தைய ஒன்றிரண்டு நாட்களில் பந்தலும் தடுப்புக் கட்டைகளும் நடக்கும் வழியை அடைத்திருக்கும்.

குடிப்பதும் திட்டத்தில் இருந்தால் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். காந்தி ஜெயந்தி அன்று மதுக்கடை கிடையாது. தேர்தல் என்றால் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரமும் கிடையாது.

மழைக்காலம், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மாலையில் போகும் திட்டம் எந்த நிமிடமும் மாறலாம். மொட்டை மாடி உணவகங்கள் மழை வந்தால் அப்படியே கீழே இறக்கிவிடும், உள்ளே மேசை இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

பௌர்ணமியைப் பார்த்துப் போகிறவர்கள் கெட்டிக்காரர்கள். ஏன் என்பது ஆறாவது பகுதியில்.

3. கையோடு என்ன கொண்டுபோவது

ஆதார் அல்லது ஓட்டுநர் உரிமம், ஒவ்வொருவருக்கும். மது அருந்தும் வயது புதுச்சேரியில் 18, தமிழ்நாட்டில் 21. இளைஞர்கள் கூட்டமாகப் போனால் வாசலில் அட்டையைக் கேட்பார்கள். அறை எடுக்கவும் வேண்டும்.

நடக்க வசதியான செருப்பு. பத்து ரூபாய், இருபது ரூபாய் சில்லறை கொஞ்சம்; கூட்டம் நெரிகிற நேரத்தில் சிக்னல் திணறி, சுண்டல்காரர் முன்னால் ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும். கைக்குட்டை, ஏனென்றால் கடல் காற்று மூக்குக் கண்ணாடியில் உப்பாகப் படியும். பவர் பேங்க் இருந்தால் நல்லது.

பெரிய பை வேண்டாம். அதைச் சுமந்துகொண்டு நடக்கிறவர் ஏழு மணிக்கே "போகலாமா" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்.

4. எங்கே இறங்குவது, வண்டியை எங்கே விடுவது

கடலூர் பேருந்தில் போகிறவர்கள் புதிய பேருந்து நிலையம் வரை போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்துத் திரும்பக் கிழக்கே வருவார்கள். அவசியமில்லை. முதலியார்பேட்டை தாண்டியதும் வெங்கடசுப்பா ரெட்டியார் சிலைப் பக்கம் இறங்கிக்கொள்ளலாம். அங்கிருந்து சுப்பையா சாலையில் நேராகக் கிழக்கே நடந்தால் திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா, ரயில் நிலையம், அப்புறம் கடல். நடக்க முடியாதவர்கள் அங்கேயே ஆட்டோ பிடிக்கலாம். பாண்டி ஆட்டோவில் மீட்டரைத் தேடாதீர்கள். ஏறும் முன்பே தொகையைப் பேசிவிட வேண்டும். எல்லாருக்கும் சேர்த்தா, ஆளுக்கா என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். பேருந்து நிலையம் வரை போய்விட்டவர்களுக்குப் பல பேரைச் சேர்த்து ஏற்றிப் போகும் டெம்போ இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதில்தான் போகிறார்கள், செலவும் சொற்பம்.

காரில் போகிறவர்களுக்கு முக்கியமான தகவல்: கடற்கரைச் சாலை மாலை 6 மணி முதல் காலை 7.30 மணி வரை வண்டிகளுக்கு மூடப்படும். அதோடு ஒயிட் டவுனின் பல தெருக்கள் ஒருவழி. கூகுள் மேப்பை நம்பி ஆறு மணிக்கு மேல் உள்ளே போனால், ஒரு தடுப்புக் கட்டையிலிருந்து இன்னொரு தடுப்புக் கட்டைக்குப் போய்க்கொண்டே இருப்பீர்கள். ஐந்து மணிக்கு முன் போய், தெற்கே பழைய துறைமுகப் பக்கமோ, ஒயிட் டவுனின் மேற்கு எல்லையான பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எங்காவதோ நிறுத்திவிட்டு, அன்றைய பொழுது முழுதும் அதைத் தொடாமல் இருப்பதே நிம்மதி. ஒயிட் டவுன் முழுக்க நடந்து முடிக்கிற அளவுதான். தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைக்குக் கடற்கரைச் சாலை ஒன்றரை கிலோமீட்டரைத் தாண்டாது.

வீட்டு வாசலை மறித்து நிறுத்தாதீர்கள். அது சுற்றுலாவுக்காகப் போட்ட செட் இல்லை, மஞ்சள் சுவருக்குப் பின்னால் ஆட்கள் குடியிருக்கிறார்கள். பூட்டுப் போட்டுவிட்டுப் போவதும் இழுத்துக்கொண்டு போவதும் போலீசுக்கு அன்றாட வேலை.

வாடகை ஸ்கூட்டர் எடுக்கிறவர்கள் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால்தான் வாடகைக்கு விட உரிமம் பெற்ற வண்டி. வெள்ளைப் பலகை வண்டியை மலிவாகக் கொடுத்தால் மறுத்துவிடுங்கள். ஏதாவது ஆகிவிட்டால் காப்பீடு கைகொடுக்காது. ஹெல்மெட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

5. ஐந்து மணி: வெளிச்சம் இருக்கும்போதே தெருக்கள்

நிறைய பேர் நேராகக் கடலுக்கு ஓடுகிறார்கள். தெருக்களை இருட்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். சுவரின் நிறம், காகிதப்பூக் கொடி, மரக் கதவு எல்லாம் வெளிச்சத்தில்தான் தெரியும். இருட்டினால் தெருவிளக்கின் மஞ்சளில் எல்லாச் சுவரும் ஒரே நிறம்.

ஆசிரமத்துக்குள் போக ஆசைப்படுகிறவர்கள் இதை முதலில் முடிக்க வேண்டும், ஆறு மணிக்குள். உள்ளே பேசக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, போனை அணைத்துவிட வேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளை விடமாட்டார்கள். யாராவது ஒருவர் வெளியே குழந்தையோடு நிற்கும்படி இருக்கும்.

அங்கிருந்து மணக்குள விநாயகர் கோயில் எட்டும் தூரம். மாலை 4 மணிக்கு நடை திறந்தால் இரவு 9.30 வரை இருக்கும். பிள்ளைகளிடம் "யானை ஆசீர்வாதம் பண்ணும்" என்று சொல்லி அழைத்துப் போகாதீர்கள். லட்சுமி யானை 2022 நவம்பரில் இறந்துவிட்டது. இன்னமும் வெளியூர்க்காரர்கள் வாசலில் நின்று கேட்கிறார்கள்.

அப்புறம் தெற்கே இறங்குங்கள். ரோமன் ரோலண்ட் வீதி, சுய்ப்ரேன் வீதி, துய்மா வீதி, இந்த மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக மேலும் கீழுமாக நடந்தால் போதும். துய்மா வீதியில் கப்ஸ் கோயில் என்கிற பழைய தேவாலயம் இருக்கிறது. போட்டோ எடுக்கிறவர்கள் ஒரு சுவரின் முன் அரை மணி நேரம் போஸ் கொடுத்துக்கொண்டு இருக்க வேண்டாம். வீட்டுக்காரர் கதவைத் திறந்து கத்தினால் அவர் பக்கம்தான் நியாயம்.

இந்த நேரத்திலேயே செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலை: இரவுச் சாப்பாட்டுக்கு நினைத்திருக்கும் உணவகத்தின் வாசலில் நின்று மெனுவைப் பாருங்கள். விலை கைக்கு அடங்குமா, பிள்ளைகள் சாப்பிடும் எதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எட்டு அல்லது எட்டரைக்கு மேசை சொல்லிவிடுங்கள். நடந்துகொண்டே போகிற வழியில் முடிந்துவிடும். ஒன்பது மணிக்குப் பசியோடு போய் நிற்கிறவர்களை விட நீங்கள் ஒரு மணி நேரம் முந்திவிட்டீர்கள்.

6. ஆறு மணி: கடற்கரைச் சாலை

சங்கிலி போட்டு வண்டிகளை நிறுத்தியதும் சாலை முழுவதும் நடக்கிறவர்களுடையது. ஆறிலிருந்து ஏழரை வரைதான் இந்த இடத்தின் உச்சம்: காற்று இறங்கியிருக்கும், வானம் முழுக்க இருட்டியிருக்காது, விளக்குகள் எரிய ஆரம்பித்திருக்கும்.

சூரிய அஸ்தமனம் பார்க்கலாம் என்று சொல்லி யாரையும் அழைத்துவராதீர்கள். கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், கட்டடங்களுக்கு அந்தப் பக்கம் விழும். வீடியோ எடுக்கத் தயாராகப் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஆனால் பௌர்ணமி அன்று கணக்கு தலைகீழ். சூரியன் மறைகிற அதே நேரத்தை ஒட்டி நிலா கடலிலிருந்து செக்கச் சிவந்து எழும். மேகம் இல்லாத பௌர்ணமி மாலை ஆறரைக்குக் காந்தி சிலைப் பக்கம் நின்றால், அதற்காகவே வந்தது போதும் என்று தோன்றும்.

நடக்கும் திசைக்கும் ஒரு காரணம் வைத்துக்கொள்ளுங்கள். தெற்கே தூய்ப்ளேக்ஸ் சிலைப் பக்கம் ஆரம்பித்து வடக்கே வந்தால், காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், போர் நினைவுச் சின்னம், தலைமைச் செயலகம் என்று போய், முடியும் இடத்தில் நேரு வீதிக்குத் திரும்புவது சுலபம். வடக்கில் ஆரம்பித்தால் கடைவீதிக்கு மறுபடி அவ்வளவு தூரம் வர வேண்டும். காந்தி சிலை அருகே கூட்டம் எப்போதும் அதிகம். அதைத் தாண்டி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இருநூறு அடி நகர்ந்தாலே உட்கார இடம் கிடைக்கும், யாரும் நகர்வதில்லை என்பதுதான் வேடிக்கை.

பாறைகளைப் பற்றி. இங்கே மணல் கரை இல்லை, கறுங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். மேலே உள்ளவை காய்ந்து இருக்கும், கீழே அலை படுகிறவை பாசி பிடித்து வழுக்கும். செல்பிக்காக ஒரு கல் கீழே, இன்னொரு கல் கீழே என்று இறங்குகிறவர்கள்தான் விழுகிறார்கள். கல்லிடுக்கில் போன் விழுந்தால் அது கடலுக்குச் சொந்தம். கரையோரச் சுவரில் உட்காருங்கள், அதே காற்றுதான்.

தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் பரப்பு இருக்கிறது, செயற்கையாக உருவானது. கால் நனைக்க அங்கே எல்லாரும் இறங்குவார்கள். கால் நனைப்பதோடு சரி. குளிக்கத் தடை, உயிர்போன சம்பவங்களும் உண்டு. போலீசின் விசில் சும்மா ஊதுவது இல்லை. மணலில் உட்கார்ந்து வறுத்த மீன் சாப்பிடத்தான் வேண்டும் என்றால், வம்பாகீரப்பாளையம் பக்கம் பாண்டி மெரினா இருக்கிறது. அது தனிப் பயணம்; இரண்டையும் ஒரே மாலையில் அடைக்கப் பார்த்தால் இரண்டும் அரைகுறை.

தின்பண்டங்கள்: சுண்டல், மிளகாய் பஜ்ஜி, மாங்காய்ப் பத்தை, சுட்ட சோளம். ஒன்றை வாங்கிப் பகிர்ந்து சாப்பிடுங்கள். இங்கேயே வயிற்றை நிரப்பிவிட்டுப் பிறகு நல்ல உணவகத்தில் போய், "பசி இல்ல, ஒரு சூப் போதும்" என்பது கடலூரிலிருந்து வரும் குடும்பங்களின் வழக்கம். கடல் பக்கமாகவே இருக்கும் லே கஃபேயில் காபியோடு உட்கார ஆசை என்றால், ஆறு மணிக்கு முன் போனால் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கழிப்பறைக்கு இந்தச் சாலையில் அலைய வேண்டியிருக்கும். ஒரு கஃபேயில் உட்காரும்போதே எல்லாரும் போய்விட்டு வந்துவிடுங்கள். பெண்களும் பெரியவர்களும் இருக்கும் கூட்டத்துக்கு, மேலே சொன்ன எல்லாவற்றையும் விட இது முக்கியம்.

7. ஏழரை: கடைவீதி, சாப்பாட்டுக்கு முன்

சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போகலாம் என்று வைத்தால் கடை மூடியிருக்கும். நேரு வீதி ஒன்பது மணி சுமாருக்கு அடங்க ஆரம்பிக்கும். ஆகவே கடற்கரையிலிருந்து நேராக நேரு வீதி, அங்கிருந்து மிஷன் வீதி. துணி, செருப்பு, தோல் பை, ஊதுபத்தி, சாக்லேட் எல்லாம் இந்த இரண்டு தெருவிலேயே கிடைத்துவிடும்.

ஞாயிறு என்றால் காந்தி வீதியின் நடைபாதைக் கடைகள். சட்டை, பாத்திரம், பழைய புத்தகம், பொம்மை என்று எல்லாம் கலந்து கிடக்கும். பேரம் பேசலாம், பேச வேண்டும். கூட்டத்தில் சட்டைப் பையில் போன் வைக்காதீர்கள்.

8. எட்டு மணி: சாப்பாடு

ஒயிட் டவுனில் கிடைப்பதை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். கடல் பார்த்த ஓட்டல் மாடிகள்: காற்றுக்கும் காட்சிக்கும் காசு. பழைய வீட்டு முற்றத்தில் நடக்கும் உணவகங்கள்: விறகு அடுப்பு பீட்சா, க்ரேப் என்கிற மெல்லிய பிரெஞ்சு தோசை, மீன், பிரெஞ்சும் தமிழும் கலந்த கிரியோல் சமையல்; பாண்டிக்கென்று உள்ள சாப்பாடு இங்கேதான். பேக்கரி, கஃபேக்கள்: லேசாகச் சாப்பிட. புஸ்ஸி வீதிப் பக்கமும் மிஷன் வீதிப் பக்கமும் பேக்கரிகள் உண்டு, ஆனால் நல்ல சரக்கு சாயங்காலமே தீர்ந்துவிடும். ஊருக்குக் கொண்டுபோக க்ரோசான் வேண்டுமென்றால் தெருக்களைச் சுற்றும்போதே வாங்கிவிடுங்கள்.

இட்லி, தோசை இல்லாமல் தூங்க மாட்டேன் என்கிற பெரியவர் உங்களோடு வந்திருந்தால் வற்புறுத்தி முற்றத்து உணவகத்துக்கு இழுக்காதீர்கள். வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால் மிஷன் வீதியில் சைவ ஓட்டல்கள் இருக்கின்றன. நேரு வீதியில் இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. அப்பாவை அங்கே சாப்பிட வைத்துவிட்டு, நீங்கள் காபியோடு உட்காருங்கள். வேறொரு நாள் நண்பர்களோடு வந்து பீட்சா சாப்பிட்டுக்கொள்ளலாம்.

ஆர்டர் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை. இந்த உணவகங்களில் சமையல் மெதுவாகத்தான் நடக்கும். முக்கால் மணி நேரம் சாதாரணம். பிள்ளைகளுக்கு வேண்டியதை முதலில், தனியாகச் சொல்லிவிடுங்கள். மீனுக்கு எடை வைத்து விலை போட்டிருந்தால், சமைக்கும் முன் எடையைக் கேளுங்கள். சமையலறை கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு என்று உட்கார்ந்ததும் கேட்டுவிடுங்கள். பல இடங்களில் பத்து, பத்தரைக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

பில் வந்ததும் படித்துப் பாருங்கள். சேவைக் கட்டணம் என்று தனியாகச் சேர்த்திருந்தால் அதைக் கட்டாயமாக்க முடியாது, எடுத்துவிடச் சொல்லலாம். சாதாரண உணவகத்தில் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதற்கு வரி வேறு கணக்கு. ஆகவே இரண்டையும் ஒன்றாகக் கூட்டி மொத்தத்துக்கும் ஜிஎஸ்டி போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். சண்டை வேண்டாம், "இதைக் கொஞ்சம் பிரிச்சுக் காட்டுங்க" என்றால் போதும்.

9. குடிக்கிறவர்களுக்கும், கூட வருகிறவர்களுக்கும்

பாண்டி என்றாலே இதுதான் என்று நினைக்கிறவர்கள் அதிகம். அதனால்தான் தப்பான கதவைத் தட்டுவதும் அதிகம்.

கள்ளுக்கடை, சாராயக்கடை இரண்டும் இங்கே உரிமத்தோடு நடக்கின்றன. அவை கூலி வேலை முடித்து வருகிறவர்களின் இடம்; வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள், வீடியோ எடுக்கவே எடுக்காதீர்கள். மதுக்கடையோடு ஒட்டிய பார் மலிவு, ஆனால் சத்தமும் புகையும். பெண்களோடு போக ஏற்ற இடம் இல்லை. பார் உள்ள உணவகம் எல்லாருக்கும் பொருந்தும், குடிக்காதவரும் நிம்மதியாகச் சாப்பிடலாம். கடைசியாக டிஜே வைத்து ஆட்டம் நடக்கும் பப், மொட்டை மாடி இடங்கள். இவை வார இறுதியில்தான் களைகட்டும்.

பப்புக்குப் போகிறவர்கள் மதியமே போன் செய்து கேட்க வேண்டியவை: நுழைவுக் கட்டணம் உண்டா, அந்தத் தொகையைப் பில்லில் கழிப்பார்களா, ஆண்கள் மட்டும் போனால் விடுவார்களா, அரைக்கால் சட்டைக்கும் செருப்புக்கும் தடையா. ஐந்து பையன்கள் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புறப்பட்டுப் போய் வாசலில் திருப்பி அனுப்பப்படுவது இந்தக் கேள்விகளைக் கேட்காததால்தான். ஒன்பதுக்குள் உள்ளே இருங்கள். பத்தரைக்குப் போனால் பாதிக் கட்டணத்தில் பாதி இரவு தருவதில்லை, முழுக் கட்டணத்தில் அரை மணி நேரம்தான்.

எங்கே குடித்தாலும் சாப்பாட்டோடு குடியுங்கள், நடுவில் தண்ணீர். பெக் அளவை 30 மில்லியா 60 மில்லியா என்று சொல்லி ஆர்டர் கொடுங்கள். வெறுமனே "ஒண்ணு" என்றால் பெரும்பாலும் 60 தான் வந்து சேரும்.

பாட்டிலை வாங்கிக்கொண்டு கடற்கரைப் பாறையில் உட்கார்ந்து குடிப்பது குற்றம். போலீஸ் ரோந்து வரும். நடக்க வந்த குடும்பங்களுக்கும் அது தொல்லை.

10. பத்து மணிக்கு மேல் மிச்சம் என்ன

கடற்கரைச் சாலைதான். சாப்பிட்ட பிறகு மறுபடி அங்கே வந்தால் வேறு முகம்: குடும்பங்கள் கிளம்பியிருக்கும், ஊர் ஆட்கள் காற்று வாங்க வந்திருப்பார்கள். காத்துக்கிடந்த இருக்கைகள் எல்லாம் காலி. ஐஸ்கிரீமை ஏழு மணிக் கூட்ட நெரிசலில் சாப்பிடாமல் இதற்கென்று வைத்துக்கொள்வது என் பழக்கம். கடை மூடும் நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள் தெருக்கள் இந்த நேரத்தில் வெறிச்சோடிக் கிடக்கும். தனியாக வந்த பெண்கள் விளக்கும் ஆளும் உள்ள கடற்கரைச் சாலை வழியாகவே நடப்பது நல்லது. ஆட்டோவை உணவகத்திலிருந்தே வரச்சொல்லுங்கள். தெருவில் சத்தமாகப் பாடிக்கொண்டு போகிறவர்களை நான் ஏசுவதில்லை, ஆனால் அங்கே குடியிருக்கிறவர்கள் போலீசுக்குப் போன் போடுவார்கள்.

11. திரும்பும் வழி

பேருந்தில் போகிறவர்கள் வெங்கடசுப்பா ரெட்டியார் சிலையருகே நின்று கை காட்டலாம் என்று நினைப்பார்கள். போகும்போது இறங்க அது நல்ல இடம். இரவில் ஏற நல்ல இடம் இல்லை. நிலையத்திலேயே வண்டி நிரம்பிவிட்டால் நிற்காமல் போய்விடும். திரும்பும்போது பேருந்து நிலையத்துக்கே போய் உட்கார்ந்து வாருங்கள்.

காரில் வருகிறவர்களுக்கு ஏ.எஃப்.டி. ரயில்வே கேட் மூடியிருந்தால் கொஞ்சம் காத்திருப்பு. அப்புறம் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், முள்ளோடை. கடைத்தெருவைக் கடக்கும்போதெல்லாம் வேகத்தைக் குறையுங்கள். கன்னியக்கோயில் பக்கம் இரவில் தள்ளாடிக்கொண்டு சாலையைக் கடக்கிறவர்கள் எந்த நேரமும் குறுக்கே வரலாம், விளக்கில்லாத சைக்கிளும் வரும்.

முள்ளோடை தாண்டினால் தமிழ்நாடு. வண்டியில் பாட்டில் இருக்கக் கூடாது. சீல் உடைக்காதது, ஒன்றே ஒன்று, மாமாவுக்கு வாங்கியது, பில் இருக்கிறது என்ற எந்தச் சமாதானமும் ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் எடுபடாது. புதுச்சேரி மதுவை எல்லை தாண்டிக் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். பாட்டிலோடு வண்டியும் மாட்டிக்கொள்ளும். கூட வருகிற நண்பர் பையில் என்ன வைத்திருக்கிறார் என்பதைப் பாண்டியை விட்டுக் கிளம்பும்முன் ஓட்டுநர் கேட்டுவிட வேண்டும், கேட்க வெட்கப்படக் கூடாது. வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பிறகு நீதிமன்றத்துக்கு அலைவார்.

சாவடியில் நிறுத்தினால் கண்ணாடியை இறக்கி, உள் விளக்கைப் போட்டு, டிக்கியைத் திறந்து காட்டுங்கள். மறைக்க ஒன்றும் இல்லை என்றால் அரை நிமிட வேலை. அப்புறம் தென்பெண்ணைப் பாலம், அதைத் தாண்டினால் மஞ்சக்குப்பம்.